சத்தமே இல்லாத அலைவரிசை

"டீச்சர், என்கிட்ட என்ன குறை?"

அருணகிரி சார் செருப்பைக்கூடக் கழட்டல. வாசல்லயே நின்னு கேட்டார்.

டீச்சர் சால்டரிங் கம்பியைக் கீழ வச்சாங்க. "உள்ள வாங்க சார். உக்காருங்க."

"உக்கார வரல. மழைக்காலம் வருது. தாலுகா ஆபீஸ்ல நம்ம ரேடியோவை வைக்கச் சொல்லியிருக்காங்க. கண்ட்ரோல் நாற்காலிக்கு ஆள் போடறீங்க. என் பேரைச் சொன்னதும் மொத்த கிளப்பும் வேண்டாம்னுட்டாங்களாமே? ஏன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்."

டீச்சர் வாயைத் திறந்தாங்க.

"என் செட்டைவிடப் பெரிய செட்டு இந்தத் தாலுகாவுல எவன்கிட்ட இருக்கு?"

டீச்சர் மறுபடி வாயைத் திறந்தாங்க.

"மின்வாரியத்துல எத்தனை புயலைப் பாத்தவன் நான்!"

டீச்சர் வாயை மூடிக்கிட்டாங்க.

நான் பக்கத்துல உக்காந்து பேட்டரிக்கு வயர் சீவிக்கிட்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. குனிஞ்சுகிட்டேன்.

எங்க டீச்சர் பேர் மெகருன்னிசா. காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறாங்க. சாருக்கு ரிட்டயர்டு வயசு. டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவங்க. ஆனா ஹாம் ரேடியோன்னா என்னன்னு இந்த ஊருக்குச் சொல்லிக்குடுத்தது அவங்கதான். அதனால எனக்கும் டீச்சர், சாருக்கும் டீச்சர்.

புயல் வந்து செல்போன் டவரெல்லாம் படுத்துட்டா, பேட்டரியில ஓடற எங்க ரேடியோதான் பேசும். அதுக்குத்தான் கிளப்பு. அதுக்குத்தான் வருஷா வருஷம் ஒத்திகை.

சார் ஒருவழியா மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில டீச்சர் கேட்டாங்க.

"குமுதாக்கா என்ன சொன்னாங்க?"

குமுதவல்லி அக்கா சாரோட வீட்டம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் லைசென்ஸ் பரீட்சை எழுதினாங்க. அக்கா முதல் தடவையே பாஸ். சார் ரெண்டாவது தடவை. அந்தப் பேச்சை எடுத்தா சார் வேற பேச்சுக்குப் போயிடுவார்.

"அவளா? அவ என்ன சொல்லுவா? கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட ஒரு குறை கண்டதில்ல. கண்டிருந்தா சொல்லியிருப்பாளே!"

டீச்சர் சால்டரிங் கம்பியோட சுவிட்சை அணைச்சாங்க.

"உங்க குறையை ரேடியோவுல சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"சொன்னா உங்களுக்குக் கேக்காது."

சாருக்குப் புரியல. எனக்கும்தான் புரியல.

"ஞாயித்துக்கிழமை ஒத்திகை," டீச்சர் சொன்னாங்க. "ஸ்கூல் மாடி உங்க இடம். அஞ்சல் நிலையம். அதைப் பாத்துட்டு நாற்காலிக்கு முடிவு பண்ணலாம்."

"அஞ்சலா? அவன் சொன்னதை இவனுக்குச் சொல்ற வேலையா? தபால்காரன் வேலை!"

"ஆமா. கேட்டதை அப்படியே சொல்லணும். ஒண்ணும் சேக்கக் கூடாது."

சார் முணுமுணுத்துக்கிட்டே போனார். தெருமுனை திரும்பற வரைக்கும் அந்த முணுமுணுப்பு கேட்டுச்சு.

*

அஞ்சல்னா என்னன்னு சொல்லிடறேன்.

எங்க ஊருக்குக் கிழக்க சுரபுன்னைக் காடு. காட்டுக்குள்ள வாய்க்கால் ஒண்ணா ரெண்டா, வலை விரிச்ச மாதிரி ஓடும். அதுக்கும் அந்தாண்ட நண்டுத்திட்டு. அதுக்கப்புறம் முகத்துவாரம், கடல்.

திட்டுல செல்போன் எடுக்காது. கையில பிடிக்கற சின்ன ரேடியோவுல பேசினா டவுன் வரைக்கும் எட்டாது. நடுவுல உள்ள ஸ்கூல் மாடிக்கு எட்டும். மாடியில இருக்கறவர் கேட்டு, டவுனுக்குச் சொல்லணும்.

பட்டனை அமுக்கினா பேசலாம், ஆனா கேக்க முடியாது. விட்டாத்தான் கேக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா பெரிய செட்டுதான் ஜெயிக்கும். சின்னது அமுங்கிப் போறதுகூட இல்ல, காணாமலே போயிடும்.

அதனால எங்க கிளப்புல ஒரு வழக்கம். ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவர் உடனே அமுக்கக் கூடாது. ஒரு மூச்சு விடணும். யாருக்காவது அவசரம்னா அந்த மூச்சுக்குள்ளதான் புகுந்து வர முடியும்.

சார் அந்த மூச்சை விட்டதே கிடையாது. அவர் செட்டுல ரொம்ப நேரம் பேசினா தானா நிறுத்திக்கற வசதி ஒண்ணு இருந்துச்சு. பாதிப் பேச்சுல வெட்டுதுன்னு சார் அதையும் எடுத்துவிட்டுட்டார்.

*

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஒத்திகை ஆரம்பிச்சுது.

டீச்சர் தாலுகா ஆபீஸ்ல, கண்ட்ரோல். நான் டவுனுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல உள்ள பாலத்துல, திட்டுலேர்ந்து பேசறது அங்க வரைக்கும் லேசாக் கேக்கும். என் பேர் பக்கிரிசாமி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மருந்துக்கடை. பாலம் இடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கணும், அதான் ஒத்திகை. யாரையும் விடக்கூடாதுன்னு ஒரு கான்ஸ்டபிள் கயிறு கட்டி நின்னார்.

குமுதாக்கா திட்டுல. மகளிர் குழுப் பொம்பளைங்களைப் படகுல ஏத்தி டவுனுக்குக் கொண்டு வரணும். வெள்ளத்துல மாட்டினவங்க மாதிரி.

விதி ரெண்டுதான். செல்போனை அணைச்சு வைக்கணும். ரேடியோவுல எதைச் சொன்னாலும் முதல்ல 'ஒத்திகை'ன்னு சொல்லிட்டுச் சொல்லணும். இல்லன்னா கேக்கறவன் நெஜம்னு நெனச்சு ஓடுவான்.

ஆரம்பத்துல எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு.

"ஒத்திகை. மாடி, இது திட்டு. எல்லாரும் ஏறியாச்சு. கிளம்பறோம். ஓவர்." அக்கா குரல்.

சார் அதை டவுனுக்குச் சொன்னார். கேட்டதை அப்படியே சொன்னாரா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது, தண்ணி வடியற நேரம் எது, போன புயல்ல மின்வாரியம் எத்தனை கம்பம் நட்டுச்சு, எல்லாம் சேத்துச் சொன்னார்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல.

திடீர்னு அக்கா குரல்.

"மாடி, இது படகு. இன்ஜின் நின்னு போச்சு. நாங்க இப்ப..."

அவ்வளவுதான். அது மேல இன்னொரு குரல் வந்து விழுந்துச்சு.

"...சட்னி கொஞ்சம் வைய்யா கோவிந்தா. என்ன இட்லி இது, கல்லு மாதிரி இருக்கு!"

அருணகிரி சார். கோவிந்தன் ஸ்கூல் வாட்ச்மேன். அக்கா கூப்பிட்ட நேரம் சார் கை கழுவப் போயிருந்து, திரும்பி வந்து கவனிக்காம மைக் மேலயே உக்காந்துட்டார் போல.

நான் பட்டனை அமுக்கினேன். "மாடி, மைக்கை விடுங்க! மாடி!" கத்தினேன். யாருக்குக் கேக்கும்? விட்டாத்தானே கேக்கும்.

சார் பேசிக்கிட்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்லுது கோவிந்தா, என்கிட்ட குறையாம். ரேடியோவுல சொல்ல முடியாதாம். ஏன், வாய்ல கொழுக்கட்டையா?"

"ஆமாங்க," இது கோவிந்தன்.

"என் வீட்டுல கேட்டுப் பாரு. குமுதா இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை!"

கான்ஸ்டபிள் என்னைப் பாத்தார். நான் தரையைப் பாத்தேன்.

தண்ணி வடியற நேரம். இன்ஜின் நின்ன படகு எங்க போகும்? வாய்க்கால் இழுத்துக்கிட்டுப் போய் முகத்துவாரத்துல விடும். அங்க அலை எப்படி அடிக்கும்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். படகுத் துறையில மீனவங்க படகு தயாராத்தான் நின்னுச்சு. ஆனா எந்த வாய்க்காலுக்குன்னு போவாங்க? அதைச் சொல்ல வேண்டியவங்க கையில ரேடியோ இருக்கு. அதுல அவங்க புருஷன் இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கார்.

நான் விதியை மீறினேன். செல்போனைப் போட்டு சாரைக் கூப்பிட்டேன்.

அணைச்சு வைக்கப்பட்டிருக்குன்னு பதில் வந்துச்சு. மனுஷன் அந்த விதியை மட்டும் ஒழுங்காப் பிடிச்சிருந்தார்.

*

டவுன் பக்கத்துலேர்ந்து டீச்சர் ஸ்கூட்டர்ல வந்தாங்க. ஹெல்மெட் இல்ல. துப்பட்டா கழுத்துல சுத்திக் கிடக்கு.

கான்ஸ்டபிள் கையை நீட்டினார். "பாலம் இடிஞ்சிருச்சு மேடம்."

"தெரியும்."

"ஒத்திகை மேடம். யாரையும் விடக்கூடாதுன்னு ஆர்டர்."

"இடிஞ்ச பாலத்துல விழுந்து செத்தவங்க கணக்குல என்னைச் சேத்துக்கோங்க. இப்ப பேயாப் போறேன். பக்கிரி, ஏறுங்க."

நானும் செத்துட்டேன். கயித்தைக் கான்ஸ்டபிளே தூக்கிப் பிடிச்சார்.

போற வழியில, பாலத்துல எனக்குக் கேட்ட அக்கா பேச்சை அப்படியே டீச்சருக்குச் சொல்லிட்டுக் கேட்டேன். "டீச்சர், அக்கா சொன்னதும் ஒத்திகைதானோ? ஒருவேளை..."

"முதல்ல ஒத்திகைன்னு சொல்லலையே," டீச்சர் சொன்னாங்க. "குமுதாக்கா சொல்ல மறக்கற ஆள் இல்ல."

என் கையில இருந்த ரேடியோவுல சார் விடாமப் பேசினார்.

"பாத்தியா கோவிந்தா, நான் உக்காந்ததும் லைன் எப்படிச் சுத்தமா இருக்கு! ஒரு சத்தம் இருக்கா? போன வருஷம் அஞ்சல்ல இன்னொருத்தர் இருந்தாரு. ஒரே கூச்சல். ஆள் உக்கார்ற மாதிரி உக்காந்தா எல்லாம் தானா அடங்கும்."

"ஆமாங்க."

அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு, கூடவே இழவு சிரிப்பும் வந்துச்சு. டீச்சர் சிரிக்கல. ஸ்கூட்டரை முறுக்கினாங்க.

*

மாடிப்படி ஏறிப் போனோம்.

சார் பிளாஸ்டிக் நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தார். வெயில் படக்கூடாதுன்னு செட்டு மேல துண்டைப் போட்டு மூடியிருந்தார். பேசறப்ப எரியற சிவப்பு விளக்கு அந்தத் துண்டுக்குள்ள எரிஞ்சுகிட்டிருந்திருக்கும். மைக்கோட சுருள் வயர் அவர் தொடைக்கு அடியில போச்சு. மைக் தெரியல.

"வாங்க டீச்சர்!" சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களே வந்துட்டீங்களா? பாருங்க, ஒரு குறை சொல்ல முடியுமா? காலையிலேர்ந்து..."

டீச்சர் வாயைத் திறக்கல.

என் கையிலேர்ந்து ரேடியோவை வாங்கினாங்க. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சாங்க. சாரோட காதுல வச்சாங்க.

"என்ன டீச்சர் இது?" சார் கேட்டார்.

'என்ன டீச்சர் இது?' ரேடியோ கேட்டுச்சு.

சார் ரேடியோவைப் பாத்தார். "இது யாரு..."

'இது யாரு...'

அவர் நிறுத்திட்டார்.

மாடிக் கைப்பிடிச் சுவத்துல ஒரு காக்கா இருந்துச்சு. அது கத்துச்சு. காதுலயும் கத்துச்சு. நாற்காலி கிரீச்னுச்சு. காதுலயும் கிரீச்னுச்சு.

சார் அப்படியே எழுந்தார்.

தொடைக்கடியில அமுங்கிக் கிடந்த மைக் வெளிய வந்து தரையில விழுந்துச்சு. பட்டன் விடுபட்டுச்சு.

செட்டுலேர்ந்து ஒரே நேரத்துல குரலா வந்து கொட்டுச்சு. "மாடி! மாடி!" டவுன்ல எங்க ஆளுங்க எல்லாரும் கத்திக்கிட்டிருந்தாங்க. சாருக்கு முகம் செத்துப்போச்சு. அப்புறம் எல்லாரும் ஒண்ணா நிறுத்தினாங்க. ஒரு மூச்சு விட்டாங்க.

அந்த மூச்சுக்குள்ள சன்னமா ஒரு குரல்.

"மாடி, இது படகு. கேக்குதா? மாடி, இது படகு."

சார் பாஞ்சு மைக்கை எடுத்தார். கட்டைவிரல் பட்டன் மேல போயிருச்சு. உதடு 'குமுதா'ன்னு ஆரம்பிச்சிருச்சு. அமுக்கினா அக்கா மறுபடி காணாமப் போயிடுவாங்க.

டீச்சர் தடுக்கல. கையைக்கூட நீட்டல.

கட்டைவிரல் அங்கயே நின்னுச்சு. அமுக்கல.

"பெரிய வாய்க்கால்ல போறோம்," அக்கா சொன்னாங்க. "கோவில் முடுக்கு தாண்டியாச்சு. வலது பக்கம் பழைய ஐஸ் பேக்டரி சுவர் தெரியுது. நங்கூரம் சேத்துல பிடிக்காம இழுத்துக்கிட்டே வருது. தண்ணி வேகம் ஜாஸ்தியாகுது. ஒரு பொம்பளை மயக்கமாயிட்டா. மத்தவங்க நல்லா இருக்கோம். இது ஒத்திகை இல்ல. ஓவர்."

சார் ஒரு மூச்சு விட்டார். நான் பாத்தேன், கண்ணை மூடி விட்டார். அப்புறம் அமுக்கினார்.

"கண்ட்ரோல், இது மாடி. ஒத்திகை இல்ல. படகு சொல்லுது: பெரிய வாய்க்கால். கோவில் முடுக்கு தாண்டியாச்சு. வலது பக்கம் பழைய ஐஸ் பேக்டரி சுவர். நங்கூரம் பிடிக்கல. தண்ணி வேகம் ஜாஸ்தி. ஒரு பொம்பளை மயக்கம். மத்தவங்க நலம். ஓவர்."

ஒரு சேதி கூடல, ஒரு சேதி குறையல. விரலை எடுத்துட்டு மைக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டார்.

துறையிலேர்ந்து படகு கிளம்பிடுச்சுன்னு, கண்ட்ரோல்ல டீச்சர் உக்கார வச்சுட்டு வந்த ஆள் பதில் சொன்னார். சார் அதையும் அப்படியே படகுக்குச் சொன்னார்.

"சரி," அக்கா சொன்னாங்க. "ஓவர்."

கோவிந்தன் இட்லித் தட்டைச் சத்தம் வராம எடுத்துக்கிட்டுக் கீழ போனார்.

*

முகத்துவாரத்துக்கு முன்னாடியே மீனவங்க பிடிச்சுட்டாங்க. கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க.

நாங்க படகுத் துறையில நின்னோம். மாடியிலேர்ந்து கிளம்பறப்ப சாரோட மைக்கை டீச்சர் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. ஒத்திகைக்குன்னு வந்த ஆம்புலன்ஸ்தான்.

சார் துறைப் படிக்கட்டோட விளிம்புல நின்னார். இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் அவரைப் பாத்ததில்ல.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"அவளுக்கு எல்லாம் கேட்டிருக்குமா? நான் மாடியில பேசினது?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு சார்."

சார் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

"அந்த நாற்காலி எனக்கு வேண்டாம் டீச்சர்."

"அதை அப்புறம் பாக்கலாம். நீங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே?"

"ஆமா."

டீச்சர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாங்க. படகு வளைவு திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சு.

முதல்ல மயங்கினவங்களை இறக்கினாங்க. கண் முழிச்சிட்டாங்க, தண்ணி கேட்டாங்க. அப்புறம் மத்தவங்க ஒவ்வொருத்தரா. கடைசியா குமுதாக்கா. முழங்கால் வரைக்கும் சேறு. சின்ன ரேடியோவைப் பாலித்தீன் பையில சுத்தி நெஞ்சோட பிடிச்சிருந்தாங்க.

சார் கையை நீட்டினார். அக்கா பிடிச்சு ஏறினாங்க.

சார் வாயைத் திறந்தார். எதுவோ நிறைய வந்துச்சு, முகத்துல தெரிஞ்சுது. எல்லாத்தையும் முழுங்கினார்.

"குமுதா," அப்படின்னார். "என்கிட்ட என்ன குறை?"

கேட்டுட்டு நிறுத்திட்டார்.

அக்கா அவரையே பாத்தாங்க. அடுத்து ஏதாவது சொல்லுவார்னு எதிர்பாத்த மாதிரி இருந்துச்சு. அவர் சொல்லல. அக்கா டீச்சர் பக்கம் திரும்பினாங்க.

"மைக் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட இருக்குக்கா," டீச்சர் சொன்னாங்க.

அக்கா மேல்படியில உக்காந்தாங்க. சேலைத் தலைப்பை முன்னால இழுத்துத் தண்ணியைப் பிழிஞ்சாங்க.

"நீங்களும் உக்காருங்க," அக்கா சார்கிட்ட சொன்னாங்க. "நேரமாகும்."